யானைக்குப் பாதை, எங்களுக்கு?

‘எலிபன்ட் வாக்’ 1954இல் வந்த ஹாலிவுட் படம். எலிசபெத் டெய்லர், பீட்டர் ஃபின்ச் நடித்தது. கதை நடக்கிறது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். யானைகள் தண்ணிக்குப் போற பாதையை மறிச்சு ஒரு துரை பங்களா கட்டுகிறார். அவர் செத்த பிறகு மகன் துரையாகி, இங்கிலாந்திலிருந்து மனைவியைக் கூட்டி வருகிறார். தோட்டத்தில் கொலரா பரவுகிறது. கடைசியில் யானைக்கூட்டம் மதிலை உடைத்து பங்களாவை நாசமாக்குகிறது.

மேலோட்டமாகப் பார்த்தா, துரைத்தனத்தை விமர்சிக்கிற படம் மாதிரித் தெரியும். அடுத்தவர் பாதையில் வீடு கட்டியவனுக்குத் தண்டனை கிடைக்குது இல்லையா? ஆனா அந்த ‘அடுத்தவர்’ யானை மட்டும்தான். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் படத்தில் வெறும் கூட்டம். வேலை செய்ய வருகிறார்கள், கொலராவில் சாகிறார்கள்.

வரலாறு வேற மாதிரி. நிஜத்தில் யானைதான் துரைமாரிடம் தோற்றது. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் வாங்கினார். 1845இல் மின்னல் தாக்கி இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

கொலராவும் அப்படித்தான். படத்தில் அது துரை குடும்பத்தின் காதலுக்கு வரும் சோதனை. எங்கள் முன்னோருக்கு அது நடந்து வந்த வழி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். பசியிலும் நோயிலும் பலர் பாதையிலேயே விழுந்தார்கள்.

படப்பிடிப்பு இலங்கையில் நடந்தது 1953இல். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் தலவாக்கலை தொகுதி அனுப்பிய எம்.பி., எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் தோட்டம் அவர்கள் கம்பனிகளிடமே இருந்தது. கொழுந்து எடுத்தவர்களுக்குத்தான் நாடு இல்லை.

இந்தப் படத்தில் முதலில் நடித்தவர் விவியன் லீ. உடல்நலம் கெட்டு அவர் விலக, டெய்லர் வந்தார். இங்கே எடுத்த சில தூரக் காட்சிகளில் இன்னும் லீதான் இருக்கிறார் என்று ரசிகர்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நீங்களும் படத்தைத் தேடிப் பாருங்க. ஆனா நாயகியை விட்டுட்டு, பின்னால் நிற்கிறவர்களைப் பாருங்க. அதில் யாரோ ஒருத்தர் உங்கள் அப்பத்தாவாக இருக்கலாம்.