வேட்டைக் காடும் அனுமதிப்பத்திரமும்: அம்பாறைக் கரையோரம் பற்றியதொரு வரலாற்று நோக்கு

வேட்டையின் வரலாறு விலங்குகளின் வரலாறு மட்டுமன்று; நிலம் யாருக்குரியது என்னும் வினாவும் அதனுள் அடங்கும். இங்கிலாந்தில் நிலச்சொத்துடையோர்க்கே உரியதாயிருந்த வேட்டையை, 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் கட்டணஞ் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறும் எவர்க்கும் திறந்துவிட்டது. எனினும், பிறர் நிலத்தில் நுழைய உடைமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. நாளடைவில் அவ்விசைவே விலைப்பொருளாயிற்று. கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் நிகழ்ந்தது வேறு. இங்கு நிலச்சுவான்தாரின் இடத்தில் அரசே வந்தமர்ந்தது.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்களுக்கு மேற்கே வயலும், வயலுக்கப்பால் காடும் இருந்தன. சேனை, மேய்ச்சல், விறகு, தேன், வேட்டை யாவும் காட்டையே சார்ந்தவை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. அச்சட்டம் வேட்டையைக் குறித்துப் பேசவில்லை. ஆயினும், உறுதியின்றி வழக்காற்றால் மட்டும் நிலைத்த உரிமைகளின் அடித்தளம் அன்றே தகர்ந்தது எனலாம்.

அடுத்து நிகழ்ந்தது நகைமுரண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானையைக் கொல்வோர்க்கு அரசே வெகுமதி வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகள் கொல்லப்பட்டமையை எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். அந்நூற்றாண்டு முடியுமுன், 1891இல், அதே அரசு யானை வேட்டைக்கு அனுமதிப்பத்திரத்தை வற்புறுத்தியது. 1909, 1937ஆம் ஆண்டுகளின் கட்டளைச்சட்டங்கள் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கின. பணஞ்செலுத்தி விளையாட்டாக வேட்டையாடுதல் சில வலயங்களில் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. விலங்கு அருகியமை இதற்கு நியாயமான காரணமே. ஆயினும், கொன்று குவித்த துரைமாரும் தோட்டக்காரரும் கட்டணத்தை எளிதிற் செலுத்தினர். சேனைக்காரனுக்கோ அது பாரமாயிற்று.

இக்கரையோர முஸ்லிம் விவசாயி பன்றியை உண்ணான். எனினும் அவன் வயலை அழிப்பதில் பன்றிக்குப் பெரும் பங்குண்டு. மான், மரை ஆகியனவும் மார்க்க முறைப்படி அறுக்கப்பட்டாலன்றி அவனுக்கு உணவாகா. ஆதலின், அவனது துப்பாக்கியைக் களியாட்டக் கருவியாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அது காவற் கருவியுமாகும். சட்டத்தின் நோக்கோ பெரும்பாலும் விளையாட்டு வேட்டைக்காரனையே மனத்திற் கொண்டிருந்தது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காட்டின் பெரும்பகுதி குடியேற்றத்துக்கும் வயலுக்கும் ஆயிற்று. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. அங்கு எக்கட்டணத்துக்கும் வேட்டை இல்லை. ஆனால், எல்லை யானைக்குத் தெரியாது. சுருங்கிய காட்டிலிருந்து அது வயலுக்கு வருகின்றது.

வனவிலங்குப் பாதுகாப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அதன் செலவை ஏற்பவர் யார் என்பதே வினா. இக்கரையோரத்தில் காட்டுரிமையை இழந்தவனும், காட்டு விலங்கால் விளைச்சலை இழப்பவனும் ஒருவனே. பாதுகாப்பு நீதியாக அமையவேண்டுமாயின், அக்கணக்கு முதலில் தீர்க்கப்படல் வேண்டும்.