குற்றவாளிப் பதிவேடுகள் (பாலியல், குடும்ப வன்முறை)

பாலியல் வன்முறையிலும் குடும்ப வன்முறையிலும் ஈடுபட்டவர்களின் பெயர், படம், முகவரி, குற்ற விவரம் ஆகியவற்றைத் தொகுத்து அரசு வைத்திருக்கும் ஏடு. சில நாடுகளில் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சில நாடுகளில் காரணத்தோடு கேட்பவருக்கு மட்டும் சொல்வார்கள். இந்தியாவில் பாலியல் குற்றவாளிகளுக்கான தரவுத்தளம் உண்டு. அதைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும். குடும்ப வன்முறைக்கென அப்படியோர் ஏடு இந்தியாவில் இல்லை. இக்கட்டுரை பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி அடங்கிய கரிசல் வட்டாரத்தை முன்னிறுத்தி இதன் வரலாற்றைச் சொல்கிறது.

பாளையக்காரர் காலத்தில் இங்கு காவல் முறை இருந்தது. களவு போனால் காவல்காரர் துப்புத் துலக்க வேண்டும், அல்லது ஈடுகட்ட வேண்டும். வீட்டுக்குள் நடந்த அடிதடி சொந்தக்காரர்களோடும் ஊர்ப் பஞ்சாயத்தோடும் முடிந்தது. ஓலையில் ஏறியதாகத் தெரியவில்லை.

1801இல் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊரின் பெயரையே அரசுக் கணக்குகளிலிருந்து நீக்க உத்தரவிட்டார்கள் என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. ஓர் ஊரை ஏட்டிலிருந்து அழித்த அதே வெள்ளையர் ஆட்சி, அடுத்த நூற்றாண்டில் ஊர் ஊராக மனிதர்களை ஏட்டில் ஏற்றத் தொடங்கியது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911இன் திருத்திய சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. தென் மாவட்டங்களில் இதற்கு மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒரு சாதியையோ அதன் ஒரு பிரிவையோ அரசு அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்த ஆண்களின் பெயரும் பத்து விரல் ரேகையும் பதிவேட்டில் ஏறும். தனி ஒருவர் மேல் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களும், கரிசலின் வடகிழக்கு விளிம்பில் கமுதி, முதுகுளத்தூர் பகுதிகளில் ஆப்பநாட்டு மறவர்களும் இதில் சிக்கினர். பதிவானவர் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊருக்கு, எத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கும். போன ஊரில் அதைக் காட்டியாக வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைகளும் அப்படிப் போய்ப் படுத்தார்கள் என்ற பேச்சு இன்றும் முதியவர்களிடம் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ஆப்பநாட்டில் 1920களின் இறுதியில் எழுந்த எதிர்ப்புக்கு முத்துராமலிங்கத் தேவர் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் நீங்கியது.

இந்தப் பதிவேடுகள் களவையும் கொள்ளையையும் தேடின. பெண்டாட்டியை அடித்தவனா, பெண்ணைக் கெடுத்தவனா என்பதற்கு அவற்றில் இடமே இல்லை. பெரும் செலவில், நுணுக்கமாக, தலைமுறை தாண்டிப் பராமரிக்கப்பட்ட ஏடு தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டியல் என்றாலே இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்கு இந்த வரலாறே முதல் காரணம். அதைப் பொருட்படுத்தாமல் புதிய ஏடு எதையும் இங்கு பேச முடியாது.

சென்னை மாகாணம் 1948இல் வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தை இயற்றியது. பிறப்பு போய், தனிமனிதர் பெற்ற தண்டனைகள் அளவுகோலாயின. காவல் நிலையங்களில் கே.டி. பட்டியலும் ரவுடிப் பட்டியலும் தொடர்ந்தன. நாளிதழ்கள் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று எழுதுவது இவற்றில் உள்ளவர்களைத்தான்.

மனைவியைக் கொடுமைப்படுத்துவது 1983இல் தனிக் குற்றமானது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் கோவில்பட்டி போன்ற ஊர்களுக்கும் அது வந்தது. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. ஆனால் புகார்களில் பல, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதோடு முடிகின்றன. வழக்குப் பதியாதபோது தண்டனை இல்லை. தண்டனை இல்லாதபோது எந்தப் பட்டியலிலும் அடித்த கணவன் இல்லை. அவனே இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வரும்போது, பெண் வீட்டார் டீக்கடையிலும் சொந்தக்காரர்களிடமும் விசாரிப்பதுதான் மிஞ்சுகிறது. முறைப் பெண், முறை மாப்பிள்ளை என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் ஊர்களில், தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, அத்தகைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் படங்களை இணையத்தில் வெளியிடப்போவதாக மத்திய உள்துறை இணை அமைச்சர் ஆர்.பி.என். சிங் சொன்னார். 2013இல் சட்டத் திருத்தம் வந்தது. மீண்டும் அதே குற்றம் செய்பவருக்கு ஆயுள் முழுக்கச் சிறை அல்லது மரண தண்டனை என்றானது. தமிழக அரசு 2014இல் பாலியல் குற்றவாளிகளையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க வழிசெய்யும் சட்டம். பதிவேட்டின் வேலையை அது செய்வதில்லை.

2018 செப்டம்பர் 20 அன்று பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடக்கத்தில் ஏறத்தாழ 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. காவல் நிலையங்களின் சரித்திரப் பதிவேடும் அப்படித்தான்; அது காவல்துறையின் உள் ஆவணமே, பொது அறிக்கை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ஒரு வழக்கில் தெளிவாக்கியது.

வெளிநாடுகளில் கலிபோர்னியாவின் 1947ஆம் ஆண்டுப் பதிவேடு முன்னோடி. அமெரிக்க மாநிலங்கள் 1990களில் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல், துணைவரின் வன்முறைப் பின்னணியைக் காவல்துறையிடம் கேட்டறியலாம். கொலையுண்ட கிளேர் வுட்டின் பெயரால் இது கிளேர் சட்டம் எனப்படுகிறது. டென்னசியில் மீண்டும் மீண்டும் குடும்ப வன்முறை செய்தோரின் பொதுப் பதிவேடு 2026இல் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய பதிவேடுகள் குற்றத்தைக் குறைக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. காவல்துறைக்குள் இருக்கும் பதிவு பயன் தரலாம் என்றும், ஊரறியப் பெயரை வெளியிடுவது வீடும் வேலையும் கிடைக்காமல் செய்து மறுபடி குற்றத்தில் தள்ளக்கூடும் என்றும் சில முடிவுகள் சொல்கின்றன. இந்தியாவில் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்குத் தெரிந்தவரே. குற்றம் செய்தவர் தகப்பனாக இருந்து, அவர் பெயரை ஊருக்குச் சொன்னால் மகள் யாரென்பதும் தெரிந்துவிடும்; பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதோ சட்டப்படி குற்றம். ஆகவே இவ்வட்டாரத்துக்கு, பெண்ணோ அவளைப் பெற்றவர்களோ கேட்டால் சொல்லும் கிளேர் சட்ட முறையே பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

எந்த முறை வந்தாலும், முதல் புகார் எழுத்தில் ஏறியிருந்தால்தான் அது பயன்படும். காவல் நிலையத்தில் மனு கொடுக்கும் பெண் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மகளிர் உதவி எண் 181.