கூன் பாண்டியன் முதல் கத்தரீனா ஷ்ரோத் வரை: முதுகு வளைவின் வரலாறு

கூன் பாண்டியன் கதை நம்ம பக்கம் தெரியாதவங்க குறைவு. 7ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன். திருஞானசம்பந்தர் அவனுடைய வெப்பு நோயைத் தீர்த்தார், பிறகு அவர் பாடிய பதிகத்தால் கூனும் நிமிர்ந்து அவன் 'நின்றசீர் நெடுமாறன்' ஆனான் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஒரு பாட்டு, ஒரு நொடி, முதுகு நேராகிவிட்டது.

தென்காசிக்குப் பக்கத்தில் குற்றாலநாதர் கோயிலில் வேறு மாதிரி ஒரு கதை உண்டு. அகத்தியர் அங்கிருந்த திருமால் உருவத்தைத் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக்கினாராம். அந்த அழுத்தத்தில் சாமிக்கே தலைவலி வந்துவிட்டது என்று சொல்லி, மூலிகைத் தைலம் காய்ச்சி நாள்தோறும் சாத்துகிறார்கள். அற்புதம் நடந்து முடிந்த பிறகும் இங்கே வைத்தியம் நிற்கவில்லை.

முதுகெலும்பு வளைவின் வைத்திய வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது இந்த இரண்டு கதைக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

நான் இதைப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், தென்காசியில் ஒன்பதாவது படிக்கும் எங்கள் உறவுக்காரப் பொண்ணு. யூனிஃபார்ம் அளவெடுத்த டெய்லர்தான் ஒரு தோள் ஏறியிருக்கிறது என்று முதலில் சொன்னார். எக்ஸ்ரேயில் 28 டிகிரி. ஆளாளுக்கு ஒரு யோசனை. "ஆபரேஷன்தான் கடைசியில்" என்றார் ஒருவர். "சீசன்ல மெயின் அருவியில முதுகைக் காட்டி நிக்கச் சொல்லுங்க, தண்ணி அடிக்கிற அடியில நேராயிடும்" என்றார் இன்னொருவர். ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்தால் போதும் என்று மூன்றாவது கட்சி. இதில் எது சரி என்று தெரிய, யார் எப்போது என்ன செய்து பார்த்தார்கள் என்று தேடினேன்.

முதலில் ஒரு தெளிவு. கூன் என்பது முதுகு முன்பக்கம் வளைவது. ஸ்கோலியோசிஸ் பக்கவாட்டில் வளைவது, அதோடு முதுகெலும்பு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் ஒரு பக்க விலா மட்டும் புடைத்துத் தெரிகிறது. பதின்வயதில் சுமார் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் காரணம் தெரியாது. புத்தகப்பை தூக்கியதாலோ, கோணலாக உட்கார்ந்ததாலோ வருவதில்லை. பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனமில்லைங்க.

பழங்கால கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டிஸ் பெயரில் உள்ள நூல்களிலேயே இதற்கு வைத்தியம் இருக்கிறது. நோயாளியை ஏணியில் கட்டி, உயரத்திலிருந்து குலுக்கி விடுவார்களாம். கூட்டத்தை வாய்பிளக்க வைக்கத்தான் சிலர் இதைச் செய்கிறார்கள் என்று அதே நூல் கண்டிக்கவும் செய்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புருவாஸ் பாரே இரும்புக் கவசம் செய்தார். 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் முதுகெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு பொண்ணு இருந்தாள். கத்தரீனா ஷ்ரோத், 1894இல் டிரெஸ்டனில் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ். 16 வயதில் இரும்புப் பட்டையில் அடைத்தார்கள். அவர் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியை. ஒரு பக்கம் அமுங்கிய பந்தை ஊதினால் பள்ளம் நிரம்பி வருவதைப் பார்த்து, தன் முதுகின் குழிந்த பக்கத்துக்கும் அதையே செய்து பார்த்தார். கண்ணாடி முன் நின்று, உடம்பை வளைவுக்கு எதிர்த்திசையில் நீட்டித் திருப்பி, குழிந்த பக்கத்துக்குள் மூச்சை இழுத்து, அந்த நிலையைத் தசைகளால் பிடித்து நிறுத்துவது. இதுதான் முறை.

1921இல் மைசன் என்ற ஊரில் சிறிய பயிற்சி நிலையம் ஆரம்பித்தார். வருபவர்கள் 3 மாதம் வரை தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர் என்று மருத்துவர்களின் எதிர்ப்பு இருந்தது. பிறகு அவரும் மகள் கிறிஸ்டாவும் மேற்கு ஜெர்மனிக்குப் போய், 1961இல் சோபர்ன்ஹைமில் நிலையம் அமைத்தார்கள். அது பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1985இல் கத்தரீனா காலமானார்.

அமெரிக்காவில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 1941இல் அங்குள்ள எலும்பியல் சங்கத்தின் குழு 425 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு வளைவு கூடித்தான் இருந்தது. 1948இல் ஜான் காப் கோணத்தை அளக்கும் முறையைக் கொடுத்தார். 28 டிகிரி என்று ரிப்போர்ட்டில் வருவது அவர் கணக்குதான். 1962இல் பால் ஹாரிங்டன், போலியோ பாதித்த குழந்தைகளுக்காக உருவாக்கிய உலோகக் கம்பி முறையை வெளியிட்டார். அதன் பிறகு பயிற்சி என்ற பேச்சே பின்னுக்குப் போனது.

நம்ம நாட்டில் இதற்கு நெருங்கிய வேலை யோகாவில் நடந்தது. பி.கே.எஸ். ஐயங்கார், 1975இல் திறந்த புனே நிலையத்தில் சுவர்க்கயிறு, பெல்ட், மரக்கட்டை இவற்றை வைத்து, வளைந்த முதுகுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார். தனக்கே ஸ்கோலியோசிஸ் உள்ள எலிஸ் பிரவுனிங் மில்லர் என்ற அமெரிக்க ஆசிரியை ஐயங்கார் வழியில் தனிப் பாடமே வகுத்தார். சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார், இஞ்சினியரிங் படித்துவிட்டு யோகாவுக்கு வந்தவர். 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தக்க பயிற்சி என்பதே அங்கே அடிப்படை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவது ஸ்கோலியோசிஸுக்குப் பயிற்சி ஆகாது. வலது வேறு, இடது வேறு என்று பிரித்துச் செய்ய வேண்டும். ஷ்ரோத் கண்டதும் இதைத்தான்.

சரி, நிஜமாகவே பலன் உண்டா? 2014இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 25 டிகிரிக்குக் குறைந்த வளைவுள்ள 110 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து வளர்ச்சி முடியும்வரை கவனித்தார்கள். தன்னைத் தானே நிமிர்த்தும் பயிற்சி செய்த குழுவில் வளைவு சுமார் 5 டிகிரி குறைந்தது. வழக்கமான உடற்பயிற்சி செய்த குழுவில் சுமார் 2 டிகிரி கூடியது. 2013இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு முதுகுப் பட்டை பற்றியது. பட்டை போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் தப்பினார்கள், போடாதவர்களில் 48 சதவீதம். அதிலும் தினமும் சுமார் 13 மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தப்பினார்கள்.

இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பாருங்க. யாருக்கும் முதுகு ஸ்கேல் மாதிரி நேராகவில்லை. வளைவு கூடாமல் நின்றதுதான் வெற்றி. அதைக் கொடுத்தது எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்ற கணக்கு. வளர்ச்சி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. 45, 50 டிகிரியைத் தாண்டி, இன்னும் கூடிக்கொண்டே போனால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பயிற்சி அதற்கு எதிரி இல்லை.

அருவியில் குளித்தால் உடம்பு லேசாகும். எண்ணெய் தேய்த்தால் இறுகிய தசை தளரும், நன்றாகத் தூக்கம் வரும். ஆனா இரண்டிலும் பிள்ளை சும்மா நிற்கிறாள், இல்லை படுத்திருக்கிறாள். அவளுடைய தசை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆபத்து எண்ணெயில் இல்லை. அதை நம்பி, வளர்ச்சி இருக்கும் ஒரு வருஷத்தை விட்டுவிடுவதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பொண்ணுக்கு டாக்டர் பட்டையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் வாரம் எல்லாருக்கும் உற்சாகம்தான். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் தாண்டி 200ஆவது நாளும் கண்ணாடி முன் நிற்பதுதான் வைத்தியம். அதற்கு வீட்டில் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1865இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் எழுதிய சோதனைக்கு இன்றும் கருவி எதுவும் வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை, கால் சேர்த்து, முழங்கால் மடக்காமல் முன்னால் குனியச் சொல்லுங்க. பின்னாலிருந்து பாருங்க. ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எலும்பியல் டாக்டரிடம் காட்டுங்க. ஒரு நிமிஷம் போதும், டெய்லர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.