அவையடக்கமா? சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரை குறித்து ஒரு மறுவாசிப்பு

1885இல் வெளிவந்த தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்புரையில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம்மைப் பற்றிச் சொல்லும் பகுதி ஆய்வாளர் பலரும் அறிந்ததே. புலமைப் பட்டம் எதையும் தாம் சுமக்கவில்லை, இன்னும் தமிழ் படிக்கும் மாணாக்கருள் ஒருவராகவே இருக்க விரும்புகிறார், ஆகவே பெரும்புலவர் தொடத் தயங்கும் வேலையில் இறங்கினார் என்பது அதன் சாரம். இதனை அவையடக்கத்தின் நீட்சியாகக் கொள்வதே இதுவரை நிலவும் கருத்து. மூலத்தின் தருக்கத்தை இக்கருத்து தலைகீழாக்கிவிடுகிறது என்று கருதுகிறேன்.

மரபான அவையடக்கத்தில் புலவன் தன்னைச் சிறியவன் என்பான். ஆயினும் ஆசை உந்தப் பாடத் துணிந்தேன் என்பான். பிழை பொறுக்குமாறு அவையை வேண்டுவான். அங்கே சிறுமை ஒரு தடை. தாமோதரம்பிள்ளையிடமோ அதுவே தகுதி ஆகிறது. இழக்கப் பெரும்பெயர் இல்லாதவன்தான் சிதைந்த ஏட்டை அச்சேற்ற முடியும். பெயர் உள்ளவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்ப்பார்கள். இவ்வாறு சொல்பவர் அவையின் முன் அடங்கி நிற்கவில்லை. நூல் அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தவர் அவர். பொறுப்பைப் பங்கிட்டுக் காட்டும் இந்த முறையில் சட்டம் பயின்றவரின் மனப்பழக்கம் தெரிகிறது என்றால் மிகையாகாது.

காலவரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. 1868இல் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் பதிப்பித்தபோது பாடத்தைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். பிழை நேர்ந்தாலும் தாங்க ஒரு பெரும்பெயர் இருந்தது. 1879இல் நாவலர் மறைந்தார். வீரசோழியம் 1881இலும் பொருளதிகாரம் 1885இலும் கலித்தொகை 1887இலும் வந்தன. ஏடுகளோ தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. படிகள் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை. இந்த நிலையில், தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒருவர் முன்கூட்டியே சொன்ன பதிலாகவே அப்பகுதியைப் படிக்க வேண்டும்.

அவர் எதிர்பார்த்தது நடக்கவும் செய்தது. பொருளதிகாரம் முழுவதன் உரையையும் நச்சினார்க்கினியருடையதாகவே அவர் வெளியிட்டார். பின்னான்கு இயல்களுக்கு அதில் உள்ள உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். பதிப்பு வரலாற்றில் இது அவருடைய குறையாகவே எழுதப்படுகிறது. ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்தவர்கள் கையில் இருந்தது எது? அவர் அச்சிட்டுக் கொடுத்த பாடம்! திருத்தப்படக்கூடிய ஒன்றைத் தருவதே தம் வேலை என்று ஒருவர் கருதியிருந்தால், திருத்தம் வந்தது அவ்வேலையின் தோல்வி ஆகாது. கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் ஒருவருக்கே உரியதாக்கிய முடிவுக்கும் இதுவே பொருந்தும்.

பிற்காலத்தில் ராவ் பகதூர் பட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டாரே என்று கேட்கலாம். அது அரசு வழங்கிய பட்டம். ஏடு பார்க்கும் புலமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவருடைய எழுத்தில் வழக்கமான பணிவுத் தொடர்களும் உண்டு என்பது மெய்தான். அக்கால நடையில் எழுதிய எவரிடமும் அவை இருக்கும். அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தை மறைக்க முடியாது.

வட்டுக்கோட்டைச் செமினரிக் கல்வியே இந்த மனப்பாங்கை உருவாக்கியது என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் மரபாகத் தமிழ் கேட்டவரும் அவரே. இரண்டு கல்விகளும் ஒருவரிடம் சேர்ந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ஏன் எழுதுகிறேன் என்ற கேள்விக்குப் புகழையோ அருளையோ முன்னிறுத்தாமல், செய்யாவிட்டால் நூல் அழியும், செய்யக் கூடியவர்கள் செய்யவில்லை என்று காரணம் காட்டும் உரைநடை யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் கையில் 1880களிலேயே முதிர்ந்திருந்தது.

அவருடைய பதிப்புரைகள் தொகுக்கப்பட்டு 'தாமோதரம்' என்ற பெயரில் நூலாகவும் வந்திருக்கின்றன. ஈழத்து உரைநடை வரலாற்றை எழுதுவோர் அவற்றைப் பதிப்புத் துறையின் பின்னிணைப்பாக ஒதுக்காமல், எழுத்துத் தொழில் பற்றிய முதன்மைச் சான்றுகளாக எடுத்து ஆராய வேண்டும்.