செம்மறியின் குருதி சொன்ன செய்தி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இளைஞன் ஒருவனுக்குத் தொண்டை நொந்து, காய்ச்சல் நீடித்து, கழுத்தின் இருமருங்கும் நெறி கட்டினால், அவன் குருதியை உருப்பெருக்கியில் நோக்கிய வைத்தியர் திடுக்குறுவதுண்டு. இயல்புக்கு மாறான பருத்த வெண்குழியங்கள் அங்கே மலிந்திருக்கும். குருதிப் புற்றுநோயோ என்னும் ஐயம் எழும். பெற்றோரின் துயரைச் சொல்லவும் வேண்டுமோ? சில வாரங்களில் நோயாளி எழுந்து நடமாடுவான். குணமடைந்த குருதிப் புற்றுநோய் என்றே சில வைத்தியர் அதனைப் பதிந்தும் வைத்தனர்.

1889 இல் ஜேர்மனியரான எமில் பைபர் இதனைச் சுரப்பிக் காய்ச்சல் என விவரித்திருந்தார். 1920 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஸ்பிரன்ற், எவன்ஸ் என்னும் இருவர் ஆறு நோயாளரை ஆராய்ந்து, மொனோநியூக்கிளியோசிஸ் என்னும் பெயரை வழங்கினர். பெயர் கிடைத்ததேயன்றிச் சோதனை கிடைக்கவில்லை.

அது வேறொன்றைத் தேடியவர் கையில் அகப்பட்டது. வாதக் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த போல், பனல் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், மொனோநியூக்கிளியோசிஸ் நோயாளரின் குருதித் தெளிநீர் செம்மறியாட்டின் செங்குழியங்களைத் திரளச் செய்வதை 1932 இல் வெளியிட்டனர். தெளிநீரைப் பன்மடங்கு ஐதாக்கினும் குழியங்கள் திரண்டன. செம்மறிக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்புமில்லை. நோயை எதிர்க்கும் உடல், வேண்டாத சில பிறபொருளெதிரிகளையும் கூடவே ஆக்கிவிடுகின்றது, அவ்வளவே. கிருமி இன்னதென எவரும் அறியாத காலத்திலேயே அதன் அடிச்சுவடு இவ்வாறு புலப்பட்டது!

எனினும் இத்தகைய பொருள்கள் நலமுடையோரிடமும் சிறிதளவு உண்டு. 1937 இல் டேவிட்சன் என்பார் கினிப்பன்றியின் சிறுநீரகத்தையும் மாட்டின் செங்குழியங்களையும் கொண்டு அவற்றைப் பிரித்தறிய வழி கண்டார். பின்னர் குதிரையின் செங்குழியங்கள் பயன்பட்டன. சில நிமிடங்களில் விடை தரும் சோதனை 1960களில் வந்தது.

ஆயின் இச்சோதனை சிறு பிள்ளைகளிடத்தில் பெரிதும் தவறுகின்றது. நான்கு வயதுக்குட்பட்டோர் பலரின் உடல் அப்பொருளை ஆக்குவதேயில்லை. வளர்ந்த பிள்ளைகளிடத்தும் முதல் வாரத்தில் அது தோன்றாதிருக்கலாம். ஆகவே, இல்லையென்னும் விடை நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இக்குறை தீர, கிருமியே அகப்படவேண்டியிருந்தது. 1964 இல் இலண்டனில் எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகியோர், உகண்டாச் சிறாரின் கட்டிகளிலிருந்து வளர்த்த கலங்களில் புதியதொரு வைரசைக் கண்டனர். அதற்கும் இக்காய்ச்சலுக்கும் உள்ள உறவை எவரும் எண்ணவில்லை. பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியர் அவ்வைரசை ஆராய்ந்தபோது, அவர்தம் ஆய்வுகூடப் பணிப்பெண்ணின் குருதியில் அதன் எதிரி இருக்கவில்லை. 1967 இல் அவள் மொனோநியூக்கிளியோசிஸ் நோயுற்று எழுந்தாள், எதிரி தோன்றியிருந்தது! மறு ஆண்டில் அவர்கள் அவ்வுறவை வெளியிட்டனர்.

இன்று சிறு பிள்ளையிடம் ஐயமெழுந்தால், அவ்வைரசுக்கே உரிய எதிரிகளை வைத்தியர் தேடுவர். தொற்றின் தொடக்கத்தில் தோன்றுவது ஒருவகை. வாரங்கள் பல கழிந்தபின் தோன்றி நிலைப்பது மற்றொருவகை. எது உண்டு, எது இல்லை என்பதைக் கொண்டு நோய் புதியதோ பழையதோ எனத் துணிவர். அத்துணிவு விளையாட்டு மைதானம் வரை செல்லும்: வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் வெடிக்கக்கூடுமாதலால், பந்தாடும் பிள்ளையை அவர்கள் சில வாரங்கள் தடுத்துவைப்பர்.