ஹார்ட் ராக் குழுவில் முதன்மைப் பாடகர் மாற்றம்

ஹார்ட் ராக் குழுவின் முதன்மைப் பாடகர் விலகியோ இறந்தோ, அவர் இடத்துக்கு வேறொருவர் வரும்போது அக்குழுவின் ஒலியே மாறிவிடுவதுண்டு. கிட்டாரும் டிரம்ஸும் பழைய கைகளிலேயே இருந்தாலும் சுருதி, மெட்டுக் கட்டும் முறை, பாடுபொருள், மேடையில் பழைய பாடல்களின் கதி எல்லாம் புதுக் குரலுக்கேற்ப நகர்கின்றன.

பாடகர் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று தமிழ் ரசிகர் கேட்பது இயல்பே. திரையிசையில் மெட்டு இசையமைப்பாளருடையது. யார் பாடுவது என்பது பாட்டுக்குப் பாட்டு முடிவாகிறது. மெல்லிசைக் கச்சேரியில் வாத்தியக் குழு அப்படியே இருக்க, பாடகர்கள் மாறி மாறி மைக் முன் வருகிறார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களின் கெத்தாய் எனும் பாட்டு மேடையும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் பாடகர்கள் ஒரே இரவில் மேடைக்கு மேடை ஓடிப் பாடுகிறார்கள், வாசிப்பவர்கள் இடம்பெயர்வதில்லை.

ஹார்ட் ராக் பாட்டு பிறக்கும் விதம் வேறு. ஒத்திகை அறையில் கிட்டார் கலைஞர் ரிஃப் எனப்படும் கனத்த சிறு தொடர் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பாடகர் அதன்மேல் பாடிப் பார்க்க, இரண்டும் சேர்ந்துதான் பாட்டாகிறது. பாடகர் பெரும்பாலும் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவர். அவர் போனால் ஆக்கும் கைகளில் ஒன்று போகிறது.

சுருதிச் சிக்கலும் உண்டு. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியைக் கூட்டிக் குறைக்கலாம். கிட்டார் ரிஃப் பெரும்பாலும் விரல் வைக்காத திறந்த தந்திகளின் அதிர்வை நம்பி நிற்பது. அந்தத் தடித்த தந்திகள் நம் கணக்கில் மூன்று கட்டை, ஆறு கட்டைச் சுருதிகளில் கட்டப்பட்டவை. புதுப் பாடகருக்கு அது எட்டாவிட்டால் எல்லாத் தந்திகளையும் தளர்த்தி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்க வேண்டும். இறக்கினால் ஒலி கனக்கிறது, கருக்கிறது. தணிந்த குரலுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உருக்குலைத்து ஒலிக்கும் கிட்டாரின் நடு அலைவரிசையில் அது அமிழ்ந்துபோகும். மேல் ஸ்தாயியில் பாடுபவர்கள் இவ்விசையில் ஓங்கியதற்கு அழகுணர்வோடு இந்த நெருக்கடியும் காரணம்.

இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் இம்மாற்றத்தைத் துலக்கமாகக் காட்டும் குழு. முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பல பாடல்களில் ரிஃப்பை ஒட்டியே பாடினார். 'அயர்ன் மேன்' பாட்டில் குரலும் கிட்டாரும் ஏறக்குறைய ஒரே ஸ்வரங்களில் நடக்கின்றன. வரிகளைப் பெரும்பாலும் பேஸ் கிட்டார் கலைஞர் கீஸர் பட்லர் எழுதினார். 1979இல் ஆஸி நீக்கப்பட்டு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். டியோ ரிஃப்பைப் பின்தொடராமல் அதன் குறுக்கே நீண்ட மெட்டுகளை வரைந்தார். வரிகளையும் தாமே எழுதினார். அதற்கு இடம்விட, டோனி அயோமியின் கிட்டார் பாடலடிகளில் விரிந்த கார்டுகளுக்கு, அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கோவைகளுக்கு, நகர்ந்தது. 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தைக் கேட்டால், வாசிக்கும் கை அதே கையாக இருந்தும் சிந்தனை வேறு என்பது புரியும்.

டீப் பர்ப்பிள் தொடக்க ஆண்டுகளிலேயே இருமுறை இப்படி மாறியது. 1968இல் ராட் எவன்ஸின் மென்குரலோடு தொடங்கிய குழு, 1969இல் இயன் கில்லனைச் சேர்த்தது. அவரது உச்சஸ்தாயி அலறல் இருந்ததால்தான் 1970ஆம் ஆண்டின் 'சைல்ட் இன் டைம்' போன்ற பாட்டை எழுத முடிந்தது. 1973இல் கில்லனும் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் விலகினர். துணிக்கடையில் வேலை பார்த்துவந்த டேவிட் கவர்டேல் பாடகரானார். பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் க்ளென் ஹியூஸும் சேர்ந்தார். ஒரு குரல் இருந்த இடத்தில் இரண்டு குரல்கள். கவர்டேலின் புளூஸ் சாயலும் ஹியூஸின் சோல், ஃபங்க் நாட்டமும் 1974இன் 'பர்ன்', 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பங்களில் படிப்படியாக ஏறின. அந்தப் போக்கு பிடிக்காமல் 1975இல் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரே வெளியேறினார். பாடகர் மாற்றம் குழுவின் அச்சாணியையே பிடுங்கியது.

ஏசி/டிசி இதற்கு நேர்மாறு. 1980 பிப்ரவரியில் அதன் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அவ்வாண்டு ஜூலையிலேயே பிரையன் ஜான்சனின் குரலில் 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. ஸ்காட்டின் குறும்பான பேச்சுத்தொனி போய் இடைவிடாத கீச்சு வந்தது. யங் சகோதரர்களின் கிட்டார் அசையவில்லை. குழுவின் மையம் ரிஃப்பிலும் தாளத்திலும் இருந்தால் இழப்பைத் தாங்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பழைய பாடல்களைப் பாடுவதே புதியவருக்குக் கொடிய சோதனை. அயர்ன் மெய்டன் குழுவில் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் இடத்துக்கு 1994இல் வந்த பிளேஸ் பேலி தணிந்த குரலுடையவர். அவருக்காக எழுதப்பட்ட இருண்ட பாடல்கள் 'தி எக்ஸ் ஃபேக்டர்' ஆல்பத்தில் நன்றாகவே பொருந்தின. முன்னவரின் உயரத்தில் எழுதப்பட்டவற்றை இரவுதோறும் பாடியபோதுதான் அவர் திணறினார். அவரைத் திறமையற்றவர் என்று தள்ளுவது நியாயமில்லை. சுமத்தப்பட்ட சுருதி அவருடையதாக இல்லை. 1999இல் டிக்கின்சன் திரும்பினார். 2011 பிப்ரவரியில் சிங்கப்பூர் உள்ளரங்கில் அக்குழு வாசித்தபோது பாடியவர் அவரே.

சிங்கப்பூரின் சொந்தக் குழுக்களில் குரலோடு ஒன்றிப்போன இரண்டைக் குறிப்பிட வேண்டும். மலாய் ராக் குழுவான ஸ்வீட் சாரிட்டி, ராம்லி சாரிப்பின் கரகரத்த குரலால் புகழ்பெற்றது. 1980களின் நடுவில் அவர் தனிப்பாடகராகப் பிரிந்தபின் குழு அந்த உயரத்தை மறுபடி தொடவில்லை. பின்னாளைய மறுகூடல் கச்சேரிகளும் அவரை நடுவில் வைத்தே நடந்தன.

மற்றது 1992இல் தொடங்கிய ருத்ரா. சமஸ்கிருதச் சுலோகங்களையும் வேதாந்தத்தையும் கடும் மெட்டலோடு இணைத்து, வேத மெட்டல் என்ற பெயரை நிலைநாட்டிய குழு. கிட்டார் கலைஞர்கள் வந்து போனார்கள். பாடகர் கதிரேசனின் உறுமும் குரல் மட்டும் 2003இன் 'குருக்ஷேத்ரா', 2005 முதல் 2011 வரையான மூன்று 'பிரம்மவித்யா' ஆல்பங்கள் என ஒரே இழையாக ஓடுகிறது. பாடுபொருளும் அவருடைய வேதாந்தப் பயிற்சியிலிருந்தே வருவதால், கிட்டார் மாறினாலும் ருத்ரா ருத்ராவாகவே கேட்கிறது.

கதிரேசன் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர். இப்படி வாசிப்பும் பாட்டும் ஒருவரிடமே இருக்கும் குழுவில் இழப்பு இரட்டிப்பாகும். ஹார்ட் ராக் என்று சொல்ல முடியாவிட்டாலும் டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவுக்கு அது நேர்ந்தது. தபலா வாசித்தபடியே பாடிய அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்தபின், பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷியும் தபலாவுக்குத் துஹின் சக்ரவர்த்தியுமாக இருவரைச் சேர்க்க வேண்டியிருந்தது.