கீழ்ப்பழனி மலைக் காப்பி: சிறு தோட்டச் சாகுபடியும் பாசனமும்

கீழ்ப்பழனி மலைக் காப்பி என்பது திண்டுக்கல் மாவட்டத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர், கே.சி.பட்டி ஆகிய மலையூர்களைச் சுற்றி விளையும் காப்பி. கொடைக்கானல் நகருக்குக் கீழே சரியும் மலைப்பகுதி இது. பெரும்பாலும் அராபிகா வகை. பெரும்பாலானவை சில ஏக்கர் அளவுள்ள குடும்பத் தோட்டங்கள். இந்தியாவில் காப்பி விளைச்சலில் கர்நாடகம் முதலிடத்திலும் கேரளம் அடுத்த இடத்திலும் உள்ளன, தமிழ்நாடு மூன்றாவது. தமிழ்நாட்டுக்குள் பழனி மலையோடு சேர்வராயன், நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை ஆகியவையும் காப்பி மலைகளே.

பழனி மலைக் காப்பியின் தனித்தன்மை அதன் மழையில் இருக்கிறது. கர்நாடகத்தின் குடகிலும் சிக்மகளூரிலும் தென்மேற்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். பழனி மலைக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 முதல் 1600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆகவே இங்கே காப்பி வளர்ப்பவரின் திறமை, உரத்தையும் மருந்தையும்விடத் தண்ணீரைக் கையாளும் விதத்தில்தான் வெளிப்படுகிறது. எப்போது கொடுப்பது என்பதோடு எப்போது கொடுக்காமலிருப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரியும் காப்பியும்

காப்பி விளையும் மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால், அதை ஆசையோடு குடிக்கும் ஊர் புதுச்சேரி. நேரு வீதியின் இந்தியன் காப்பி ஹவுஸை அறியாதவர் அங்கே குறைவு. ஆனால் அந்த மண்ணில் காப்பி விளையாது. அராபிகாவுக்கு உகந்த வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். கடல்மட்டத்தில் இருக்கும் புதுச்சேரியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆயினும் உலகக் காப்பி வரலாற்றில் இவ்வூரை ஆண்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நேரடிப் பங்கு உண்டு. 1715இல் அக்கம்பெனி ஏமன் நாட்டு மொக்காவிலிருந்து காப்பிச் செடிகளை இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவுக்குக் கொண்டுசென்றது. இன்றைய ரியூனியன் அதுதான். அங்கே தழைத்த செடிகளின் வழிவந்த ‘பூர்போன்’ வகை பின்னர் பிரேசில் உள்ளிட்ட நாடுகளில் பரவி, உலகின் முதன்மையான அராபிகா வகைகளுள் ஒன்றாயிற்று. மொக்காவோடு கம்பெனிக்கு வணிக உறவும் இருந்தது, பூசலும் இருந்தது. 1737இல் பிரெஞ்சுக் கப்பல்கள் மொக்கா துறைமுகத்தைப் பீரங்கிகளால் தாக்கின. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் ரியூனியனில் இறங்கியபோது அங்கே காப்பி ஒடுங்கிக் கரும்பு ஓங்கியிருந்தது.

இந்திய மலைகளுக்குக் காப்பி வேறு வழியாக வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபி ஞானி மொக்காவிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. தமிழ்நாட்டில், 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் நீண்ட காலம் ஓங்கியிருந்தவை கமலா ஆரஞ்சும் மலைவாழையும். ஆரஞ்சு மரங்கள் நோயால் நலிந்தன. வாழையை முடிக்கொத்து நோய் வாட்டியது. அவற்றுக்கு ஊடுபயிராக நின்ற காப்பி மெல்ல முதற்பயிராயிற்று. இன்றும் ஒரே தோட்டத்தில் காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு, பலா எல்லாம் கலந்து நிற்பதை இங்கே காணலாம்.

பூவும் தண்ணீரும்

காப்பிச் செடியின் பூமொட்டு வடகிழக்குப் பருவத்தின்போது, பகல் குறுகும் மாதங்களில் உருவாகிறது. ஏறத்தாழ அரைச் சென்டிமீட்டர் வளர்ந்ததும் வளர்ச்சி நின்று, உறக்கத்தில் ஆழ்கிறது. தை, மாசி மாதங்களில் மண் காய்ந்து செடி சற்றே வாடவேண்டும். அந்த வாட்டத்துக்குப் பின் வரும் நல்ல மழைதான் மொட்டை எழுப்பும். காப்பி பூக்க நீர்ப்பற்றாக்குறை தேவை என்பதை ஆய்வாளர் பவுலோ அல்விம் 1960இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. மழை பெய்த எட்டு முதல் பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த அந்த மணம் இரண்டு மூன்று நாள் நிற்கும்.

மாசி, பங்குனியில் வரும் இந்தக் கோடை மழையைப் பூமழை எனலாம். சுமார் 25 முதல் 40 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஒரே வீச்சில் பெய்தால் நல்லது. தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு பாதி விரிந்து, பச்சை நிறத்திலேயே நின்று கருகும். மழையே இல்லாததைவிட இது கேடு. பூ விரிந்த அன்றே மழை பெய்தால் மகரந்தம் கெடும். பூத்த இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு தங்கும். ரொபஸ்டா வகைக்கு இவை இன்னும் இன்றியமையாதவை. அது அயல் மகரந்தத்தை நம்பியிருப்பதால் தோட்டம் முழுவதும் ஒருசேரப் பூக்கவேண்டும். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

கோடை மழை பொய்க்கும் ஆண்டில் தெளிப்புநீர் அந்த வேலையைச் செய்கிறது. இங்கேதான் பல சிறு விவசாயிகள் தடுமாறுகிறார்கள். கையில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காகத் தை மாதம் முழுவதும் சிறுகச் சிறுகப் பாய்ச்சினால் செடி வாட்டமே அடையாது. மொட்டுகள் ஒருசேர விழிக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். பிறகு காயும் பல தவணையாகப் பழுக்கும். ஆள் பிடித்துப் பலமுறை பறிக்கவேண்டும். செடியில் எந்நேரமும் காய் இருப்பதால் காய்த்துளைப்பான் வண்டுக்கு ஆண்டு முழுவதும் இருப்பிடம் கிடைத்துவிடும். வளர்ந்த செடிக்கு அறுவடை முடிந்ததிலிருந்து பூமழைக் காலம் வரை தண்ணீரை நிறுத்துவதும் பாசனத்தின் ஒரு பகுதியே. பிரேசிலின் செராடோ சமவெளியில், பாசனக் காப்பிக்கு இரண்டு மாதத்துக்கும் மேலாக வேண்டுமென்றே நீரை நிறுத்தி, பிறகு திறக்கிறார்கள். அங்கே ஆய்வு நிலையம் வகுத்த அந்த நெறியைப் பழனி மலையில் காலநிலையே ஓரளவு செய்துகொடுக்கிறது.

கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று என இரண்டு முறைக்கு ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட பண்ணைக்குட்டையில் மூன்று லட்சம் லிட்டர் தேங்கும். ஆவியாவதும் கசிவதும் போக, ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் இருமுறை தெளிக்கலாம். அதற்குத் தார்ப்பாய் விரித்த குட்டை வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் ஓடும் ஓடை நீரைத் தேக்கியிருக்கவும் வேண்டும். பங்குனியில் ஓடையை நம்புவது வீண். அப்போது கீழே உள்ளவருக்குக் குடிக்கவே நீர் போதாது.

மலைச்சரிவு இங்கே உதவியாகிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். சாதாரணத் தெளிப்பான் சுழல இரண்டரை முதல் மூன்று கிலோ அழுத்தம் போதும். குழாயில் உராய்வால் இழப்பதையும் சேர்த்துக் குட்டையைத் தோட்டத்துக்கு முப்பது நாற்பது மீட்டர் மேலே வெட்ட முடிந்தால் மோட்டாரும் வேண்டாம், டீசலும் வேண்டாம். சொட்டுநீருக்கு இன்னும் குறைந்த உயரமே போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சொட்டுநீர் வேரை மட்டும் நனைக்கும். இளங்கன்றுகளைக் கோடையில் காப்பாற்றவும், காய் பருக்கும் காலத்தில் ஈரம் தரவும், மிளகுக் கொடிக்கும் ஏற்றது. செடி முழுவதும் நனைந்து தோட்டத்தின் வெப்பமும் தணிந்து ஒருசேரப் பூக்கத் தெளிப்பானே மழைக்கு நெருங்கியது. காற்று அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும் தெளிப்பது நல்லது. நான்கைந்து டப்பாக்களைச் செடிகளுக்கிடையே வைத்து, அவற்றில் ஓர் அங்குலம் நீர் சேரும் வரை ஓடவிட்டால் அளவு தவறாது.

ஆனி, ஆடி மாதங்களையும் மறக்கக்கூடாது. பிஞ்சு வேகமாகப் பருக்கும் காலம் அது. தென்மேற்குப் பருவத்தில் இச்சரிவுகளுக்கு மழை குறைவு. அப்போது ஈரம் குறைந்தால் பருப்பு சிறுத்துவிடும். பின்னால் எவ்வளவு மழை பெய்தாலும் அதன் அளவு கூடாது.

நிழலும் மண்ணும்

குழாயைவிடப் பெரிய பாசன அமைப்பு மர நிழல்தான். தாழ்ந்த அடுக்கில் கல்யாண முருங்கை, உயர்ந்த அடுக்கில் பலா, அத்தி, சில்வர் ஓக் என இரண்டு அடுக்காக நிழல் வளர்க்கப்படுகிறது. விழும் இலைகள் மூடாக்காகி மண்ணின் ஈரத்தைக் காக்கின்றன. காற்றின் வேகமும் குறைகிறது. சரிவுக்குக் குறுக்காகச் சமஉயர வரிசையில் நடுவதும், கல்வரப்பு கட்டுவதும், வரிசைகளுக்கிடையே நீள்குழி வெட்டி ஓடும் மழைநீரை நிறுத்துவதும் இங்கே வழக்கம்.

நிழல்மரத் தேர்வில் புதுச்சேரிக்கு மீண்டும் ஓர் இடம் உண்டு. 1955இல் அங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியத் தாவரப் பரப்பை வரைபடமாக்கிய நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் குடகுக் காப்பித் தோட்டங்களில் நாட்டு மரங்கள் குறைந்து சில்வர் ஓக் பெருகுவதைப் பதிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நேராக வளரும், மிளகுக்குக் கொழுகொம்பாகும், விற்றால் பணமாகும். விவசாயி அதை நாடுவதில் குற்றமில்லை. ஆனால் அது ஒன்றே நிற்கும் தோட்டத்தில் பறவையும் தேனீயும் குறைகின்றன; கலப்பு நிழலை விட்டுவிடுவது நீண்டகால இழப்பு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வகைகளும் பூச்சிகளும்

உயரமாக வளரும் வகைகளை ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,210 செடிகள் பிடிக்கும். எஸ்.795, காவேரி, 2007இல் வெளியான சந்திரகிரி ஆகியவை இந்தியாவில் அறியப்பட்ட வகைகள். எஸ்.795 பழையதாயினும் சுவைக்குப் பெயர்பெற்றது. காப்பி வாரியம் தாண்டிக்குடியில் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

இலைத்துரு நோயின் வரலாறு தமிழருக்கு நெருக்கமானது. 1869இல் இலங்கையில் தென்பட்ட அந்நோய், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் எழுந்த காப்பித் தோட்டங்களை இரு பத்தாண்டுகளில் அழித்தது. அங்கே தேயிலை வந்தது. போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியும் எதிர்ப்புத்திறன் வகைகளும் இன்று அதைக் கட்டுக்குள் வைத்துள்ளன. காய்த்துளைப்பான் இந்தியாவில் முதலில் 1990இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. அராபிகாவுக்குப் பேரிடர் வெள்ளைத் தண்டுத்துளைப்பான். வெயில் படும் தண்டையே அது நாடும். நிழல் காப்பதும், தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்தெடுப்பதும், தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதுமே உறுதியான வழிகள். காட்டுமாடும் யானையும் தனிக் கவலை.

அறுவடையும் கழுநீரும்

பூத்ததிலிருந்து எட்டு ஒன்பது மாதத்தில் பழம் சிவக்கிறது. கர்நாடகத்தில் அறுவடை பெரும்பாலும் வறண்ட நாட்களில் நடக்கும். பழனி மலையில் அது வடகிழக்குப் பருவத்தோடு மோதுகிறது. பழம் வெடிக்கும், உதிரும், களத்தில் உலர்த்தியது மீண்டும் நனையும். தார்ப்பாயால் மூடிய உலர்களம் இம்மலைக்கு ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை.

பழத்தைப் பல்பரில் இட்டுத் தோல் நீக்கி, ஓர் இரவும் பகலும் புளிக்கவைத்துக் கழுவி, ஈரம் 10 விழுக்காடு அளவுக்கு இறங்கும் வரை உலர்த்துகிறார்கள். சுமார் ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். 1942இல் அமைந்த காப்பிச் சட்டத்தின்படி நெடுங்காலம் வாரியத்திடமே கொட்டையை ஒப்படைக்கவேண்டியிருந்தது. 1990களில் அக்கட்டுப்பாடு நீங்கியபின் சிறு விவசாயிகள் வியாபாரிகளிடம் நேரடியாக விற்கிறார்கள். சிவந்த பழத்தை மட்டும் பறித்துத் தானே கழுவி உலர்த்துபவருக்கும், பச்சையும் சிவப்புமாக உருவி விற்பவருக்கும் விலையில் கணிசமான வேறுபாடு உண்டு.

கழுவிய நீர் சர்க்கரையும் பசையும் கலந்து புளிப்பேறியது. ஓடையில் விட்டால் அதன் உயிர்க்காற்றைத் தின்றுவிடும். இம்மலை ஓடைகள் கீழே மருதாநதி அணைக்கும், திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கும் போகின்றன. சிறு தோட்டத்தில் இதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. கழுநீரைக் குழியில் தேக்கி, சுண்ணாம்பிட்டுப் புளிப்பை முறித்து, தெளிந்தபின் தோட்டத்துக்கே பாய்ச்சலாம். பழத்தோலைச் சாணத்தோடு மக்கவிட்டால் அடுத்த பருவமழைக்கு முன் செடியடியில் இடும் எருவாகும். நீர் குறைவாகப் பிடிக்கும் சிறு பல்பர்களும் இப்போது கிடைக்கின்றன. கழுவும் நீரின் தேவையும் கழிவின் அளவும் அவற்றால் ஒருங்கே குறைகின்றன.